மரங்களுக்கு நடுவே மாட்டிய வீரன்

கத்தியால் வெட்டினால் கல் எப்படி எரியும் என்று அவள் கேட்டாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிது. கணவனும் கொழுந்தனும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து கணினி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். திரையில் விரல்நுனி உயரமுள்ள மனிதர்கள் ஒரு கோட்டையைச் சுற்றி நின்று கத்தியால் மதிலைக் கொத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அது தீப்பிடித்து எரிந்து சரிந்தது.

"கத்தியால வெட்டினா கல்லு எரியும் அண்ணி. போர்க்கலையில முதல் பாடம்," என்றான் கொழுந்தன். "மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி உதவும்."

"ரெண்டாவது பாடத்தையும் சொல்லுங்க படைத்தலைவரே," என்றான் கணவன்.

"உயிர் ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் கை பலம் குறையாது. குடல் சரிஞ்சவனும் முழுசா இருக்கிறவனும் ஒரே மாதிரி வெட்டுவாங்க. செத்தாதான் லீவு."

சின்ன வயதில் இருவரும் கடையில் வாடகை கொடுத்து ஆடிப் பழகிய ஆட்டம் அது. பாடங்கள் நிறைய இருந்தன. வீரனுக்குப் பிறக்கும்போது மட்டும்தான் சாப்பாடு, அதற்குப் பிறகு ஆயுசுக்கும் பசிக்காது. சாமியார் ஒருவர் கையை ஆட்டி முனகினால் எதிரி சட்டை நிறம் மாறி நம்மோடு சேர்ந்துவிடுவான். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக்கூட வரமாட்டான். வைத்தியர் பக்கத்தில் நின்றாலே காயம் ஆறும். கொல்லன் பட்டறையில் ஆராய்ச்சி முடிந்த நொடியில் எங்கெங்கோ நிற்கிற அத்தனை பேர் மார்பிலும் கவசம் முளைக்கும். செத்தவர்கள் சற்று நேரத்தில் மறைந்துபோவார்கள். புல் பச்சையாகவே இருக்கும்.

வீட்டின் மற்ற நேரங்களில் கணவன் பேச்சு குறைவானவன். லிப்ட் பழுது பார்ப்பவன். கிரீஸ் படிந்த நகங்களோடு வந்து, சாப்பிட்டு, படுத்துவிடுவான். தம்பி அருகில் உட்கார்ந்தால்தான் அவனுக்கு வாய் திறக்கும். அந்தச் சிரிப்புக்குள் நுழைய அவளுக்கு வாசல் இருக்கவில்லை. தட்டில் டீயை வைத்துக்கொண்டு வெளியே நிற்பவளைப் போல நின்றிருக்கிறாள். அதில் கோபம் இருந்ததா என்று பின்னாளில் தன்னைக் கேட்டுப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. கதவு இருக்கும் இடத்தைத் தடவித் தேடும் எரிச்சல்.

வீடு சிறியது. இவர்களுக்கு ஒரு அறை, கொழுந்தனுக்கு ஒரு சின்ன அறை, மாமியாருக்குக் கூடத்தில் கட்டில். குழந்தை என்ற பேச்சு வரும்போதெல்லாம் "அவனுக்கு ஒரு வழி பண்ணிட்டு" என்பான் கணவன். அவளும் தலையாட்டுவாள். சின்ன அறையைப் பெருக்கும்போது, ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே தொட்டில் அடங்குமா என்று கண் தானாக அளக்கும். அளந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் கொழுந்தனுக்கு ஆட்டத்தில் பழகிய கண். ஒருமுறை அவள் ஜன்னலருகே நிற்பதைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு இத்தனை ஆள்தான்னு கணக்கு இருக்கு அண்ணி. புது ஆள் வரணும்னா வீடு கட்டணும். இல்லன்னா பழைய ஆள் ஒருத்தன் போகணும். அதுவும் பாடம்தான்," என்றான். கேலியாகத்தான் சொன்னான். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு உண்மையான போர் வந்தது.

படைக்கு ஆள் எடுக்கும் ஆணை வந்தபோது கணவனை அவன் முழங்கால் காப்பாற்றியது. லிப்ட் குழியில் விழுந்து உடைந்து, தகடு வைத்துத் திருகிய முழங்கால். தம்பிக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை.

"உனக்கு ஏற்கெனவே கவசம் வச்சுட்டாங்கண்ணா. எனக்குத்தான் இனிமே ஆராய்ச்சி பண்ணணும்," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். அவன் கிளம்பிப் போன வாரத்தில், மடித்த துணிகளை அவன் கட்டிலில் ஒரு பொழுதுக்கு என்று வைத்தாள். துணி அங்கேயே தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் முகாமிலிருந்து அழைப்பு வரும். இங்கிருந்து கூப்பிட முடியாது. எடுத்தவுடன் பதிவு செய்த ஒரு பெண் குரல் விதிகளைச் சொல்லும். இடம், ஆட்கள், உணவு, ஆயுதம், உடல்நிலை குறித்துப் பேசக் கூடாது. பேசினால் இணைப்பு துண்டிக்கப்படும். மீறியவருக்கு மறு உத்தரவு வரை அழைப்பு கிடையாது. மேல் வீட்டுக்காரர் மகன் ஒரு பாலத்தின் பேரைச் சொல்லி, பாதி வாக்கியத்தில் போனவன்தான். அதன் பிறகு அவர்கள் போன் பல வாரங்கள் ஒலிக்கவே இல்லை.

கொழுந்தன் பாடம் நடத்தினான்.

"அண்ணா, நாம படிச்சது கரெக்ட்தான். பிறக்கும்போது மட்டும்தான் சாப்பாடு."

கணவன் சிரித்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மாமியாரும் சிரித்தாள். அழைப்பு முடிந்த பிறகுதான் கணவன் சாப்பாட்டு மேசையைப் பார்த்தபடி, "அங்க சாப்பாடு போகல," என்று மெல்லச் சொன்னான். மாமியார் அதற்குள் அடுப்படிக்குப் போயிருந்தாள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. பேசும்போது சிரிப்பு, பேசி முடித்தபின் அர்த்தம். பட்டறையில் ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்றால் பூட்ஸ் வரவில்லை. வைத்தியர் வேறு வரைபடத்தில் நிற்கிறார் என்றால் காயம்பட்டவர்களைப் பார்க்க ஆளில்லை. "செத்தவங்க மறையறதுக்கு இங்க ரொம்ப நேரமாகுதுண்ணா, மெஷின் ஸ்லோ போல," என்று ஒருநாள் சொன்னான். அன்று கணவனின் சிரிப்பு பாதியில் நின்றது. மாமியார் மட்டும் முழுசாகச் சிரித்தாள். இந்த அம்மாவுக்கு எதுவும் புரியாமலிருப்பது எவ்வளவு நல்லது என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறையில் வேலை பார்த்தாள். ஆபரேஷன் முடிந்த கருவிகள் தட்டுத் தட்டாக ஒரு சின்னக் கதவு வழியே உள்ளே வரும். கழுவி, துடைத்து, ஒவ்வொரு கத்தரியையும் திறந்து மூடிப் பார்த்து, துணியில் கட்டி, கிருமி கொல்லும் நீராவிப் பெட்டியான ஆட்டோகிளேவுக்குள் வைக்க வேண்டும். கட்டின் மேல் ஒட்டும் நாடாவில் வெளிறிய கோடுகள் இருக்கும். சூடு சரியாக ஏறியிருந்தால் அவை கறுக்கும். வெளியே எடுத்ததும் கறுப்பைப் பார்த்து ஒரு திருப்தி வரும் அவளுக்கு. எந்தக் கை, எந்தக் கால் என்று அந்தக் கதவு சொல்வதில்லை. அது சொல்லாததால்தான் அந்த வேலையைச் செய்ய முடிந்தது.

"முன்னாடியெல்லாம் பிரசவக் கட்டுதான் அதிகமா வரும்," என்றாள் மேற்பார்வை பார்க்கும் அக்கா, ரம்பத்தின் பல்லில் சிக்கிய எலும்புத் துகளைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தபடி. "இப்ப பாரு, ரம்பம் ரம்பமா வருது. ஊரே தச்சு வேலைக்குப் போயிடுச்சு போல."

"அக்கா."

"என்ன அக்கா? அழுதா மட்டும் சுத்தமாயிடுமா? அந்த வெந்நீரை இப்படித் திருப்பு."

ஒரு ஞாயிறு அழைப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. கணவன் ஆட்டத்தின் நடுவே இருந்தான். ஒரு கை மவுஸின் மேல் இருக்க, மறு கையால் போனை ஸ்பீக்கரில் போட்டான். விதிகள் முடிந்தன.

"படைத்தலைவரே, இன்னைக்கு என்ன பாடம்?"

"இன்னைக்குப் பாடம் இல்லண்ணா, சந்தேகம்." குரல் தாழ்வாக இருந்தது, ஆனால் கேலி இருந்தது. "படையெல்லாம் பின்வாங்கி வந்தாச்சு. கொஞ்சம் பேர் மட்டும் காட்டுக்கும் மதிலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாங்க. மதில் நாமளே கட்டினதுதான். வெளிய வர வழி இல்ல. அந்த மாதிரி ஆளுங்களை என்ன பண்ணுவோம்?"

"இதைக்கூட மறந்துட்டியா? அழிச்சுட்டுப் புது ஆள் எடுப்போம். அவங்க சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிப்பாங்க."

மாமியார் சிரித்தாள்.

அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். அவன் இல்லை, வேறு யாரோ.

"ஆமாண்ணா. நீ சொல்றது சரிதான். மேல இருக்கிறவங்களும் இதே ஆட்டம் ஆடித்தான் வந்திருப்பாங்க போல." பிறகு, "அண்ணி இருக்காங்களா? அண்ணி, என் கட்டில் சும்மாதானே கிடக்கு. ஏதாவது வச்சுக்கோங்க."

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் போன் அடங்கிவிட்டது. வழக்கமாக நேரம் முடிந்தது என்று அந்தப் பெண் குரல் சொல்லும். அன்று சொல்லவில்லை. அவனே வைத்துவிட்டான்.

கணவன் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. எடுத்து வைக்க மறந்த பொருள் போல இருந்தது. பிறகு அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். திரையில் அவனுடைய வீரர்கள் கட்டளை இல்லாமல் நின்றார்கள். எழுந்து போய் ஒரு துண்டை எடுத்து வந்து திரையின் மேல் போட்டான்.

"நான் என்ன சொன்னேன்?" என்று அவளிடம் கேட்டான்.

அவள் துண்டின் ஓரத்தை இழுத்துவிட்டாள். சொன்ன வாய் அவனுடையது. ஆனால் 'இடத்தை அடைச்சுக்கிட்டு' என்ற சொல் அவளுக்குப் புதிதில்லை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நின்றபோதெல்லாம் உள்ளே எங்கோ ஓடிய சொல் அது. அவள் வாய் வரைக்கும் கொண்டுவராததை அவன் வாய் வெளியே எடுத்துவிட்டது போல இருந்தது. அவனைத் தேற்ற அவளுக்குத் தகுதி இல்லை என்று நினைத்தாள். அப்படி நினைப்பதும் ஒரு சௌகரியம்தான் என்றும் தோன்றியது.

அந்த வாரம் கணவன், படையாட்களைப் பற்றி வீட்டார் கேட்கும் விசாரணை அலுவலகத்துக்குப் போன் போட்டபடியே இருந்தான். தம்பியின் பிரிவு இடம் மாறிக்கொண்டிருக்கிறது என்றார்கள் ஒருமுறை. இன்னொருமுறை, அப்படி ஒரு பிரிவு இப்போது கணக்கில் இல்லை, வேறொன்றோடு சேர்த்தாகிவிட்டது என்றார்கள். ஆட்களையும் சேர்த்தார்களா என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லும் மேசை வேறு என்றார்கள். வீட்டில் அவன் தட்டில் கை வைத்துவிட்டு எழுந்துபோனான். வேலையில் ஒரு லிப்டின் கதவைப் பூட்டாமல் வந்து, பாதி வழியில் நினைவு வந்து திரும்ப ஓடினான்.

சனிக்கிழமை காலை, மாமியார் கூடத்தில் உட்கார்ந்து ஊசியில் தடித்த நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவள் பஸ் டிப்போவில் கிழிந்த சீட்டுகளைத் தைப்பவள். தைத்து முடியாத உறைகளை வீட்டுக்குக் கொண்டுவருவாள். கொஞ்ச நாளாகப் பஸ்கள் எல்லாம் போர்முனைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பிக்கொண்டிருந்தன.

"ரெண்டு பேரும் இப்படி வந்து உக்காருங்க," என்றாள். வந்து உட்கார்ந்தார்கள்.

"போன வாரம் அவன் என்ன கேட்டான்?"

"சும்மா ஆட்டத்தைப் பத்திம்மா," என்றான் கணவன்.

"சாப்பாடு இல்லன்னு சொன்னது எனக்குப் புரியலைன்னு நினைச்சியா? செருப்பு இல்ல, டாக்டர் இல்ல, செத்தவங்களை எடுக்க ஆள் இல்ல. எல்லாம் புரிஞ்சுது. இந்த உறையைப் பாரு. இது பிளேடால கிழிச்ச கிழிசலா? இந்தக் கறையை எத்தனை தடவை அலசினாங்கன்னு நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

"அப்ப ஏம்மா சிரிச்ச?"

"நான் சிரிக்கலைன்னா அவன் எப்படிப் பேசுவான்?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அது மட்டும்தான் புரியல. அந்த மரம், மதில். அவன் கேட்டதும் புரியல, நீ சொன்ன பதிலும் புரியல. பதில் சொன்ன அப்புறம் அவன் குரல் மாறிப்போச்சு. அதை எனக்குச் சொல்லு."

கணவன் தரையைப் பார்த்தான். அவன் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது. மாமியாரின் கண் அவள் பக்கம் திரும்பியது.

அவள் எழுந்து திரை மேலிருந்த துண்டை எடுத்தாள். "வாங்க அத்தை," என்றாள். கணவனிடம், "அந்த மாதிரி ஒண்ணு பண்ணிக் காட்டுங்க," என்றாள். அவன் முடியாது என்று தலையசைத்தான். அவள் நாற்காலியைப் பாதி விட்டு உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து அவன் மறுபாதியில் வந்து உட்கார்ந்தான்.

அவன் ஒரு வீரனைக் காட்டின் ஓரம் நிறுத்தினான். அவனுக்குப் பின்னால் மதில் கட்டச் சொன்னான். சுத்தியல்காரர்கள் தட்டத் தட்ட மதில் எழும்பியது. வீரன் உள்ளே மாட்டிக்கொண்டான். வரச் சொல்லிக் கூப்பிட்டபோது, இரண்டு மரங்களுக்கு நடுவே போய் முட்டினான். திரும்பி மதிலில் முட்டினான். மறுபடி மரத்துக்கு வந்தான். அவன் முகம் தெரியாத அளவுக்குச் சிறியவன்.

"இப்ப என்ன பண்ணுவீங்க?" என்றாள் மாமியார்.

"இதை அமுக்கினா செத்துடுவான்மா. அவனுக்குப் பதிலா புது ஆள் வருவான்," என்று கணவன் விசையைக் காட்டினான். விரல் அதைத் தொடவில்லை.

மாமியார் திரையையே பார்த்தாள். அவள் முகத்தில் அழுகை வரும் என்று மருமகள் எதிர்பார்த்தாள். வரவில்லை. சீட் உறையில் கிழிசல் எங்கே தொடங்குகிறது என்று தேடும்போது இருக்கும் முகம்தான் இருந்தது.

"அந்தப் பக்கம் விறகு வெட்டிக்கிட்டு நிக்கிறது யாரு?"

"மரம் வெட்டறவங்க. கட்டடம் கட்ட மரம் வேணும்ல."

"அவங்களை விட்டு இந்த மரத்தை வெட்டினா வழி கிடைக்காதா?"

கணவன் அம்மாவைப் பார்த்தான். "கிடைக்கும்."

"அப்புறம் ஏன் வெட்டலை?"

"நேரமாகும்மா. அதுக்குள்ள நாலு ஆள் புதுசா எடுத்துடலாம். ஒருத்தனுக்காக யாரும்..." நிறுத்தினான்.

"வெட்டு."

மரம் வெட்டுபவர்களை அனுப்பினான். அவர்கள் கோடாரியோடு காட்டைச் சுற்றிக்கொண்டு வந்து சேர வெகுநேரமானது. ஒரு மரம் சாய்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று நின்றது. அதற்குள் ஆட்டத்தில் வேறெங்கோ எதிரி புகுந்து வீடுகளை எரிக்கத் தொடங்கிவிட்டான், எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. கடைசி மரமும் விழுந்தது. வழி திறந்துவிட்டது. வீரன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"ஏன் வரமாட்டேங்கிறான்?"

"அவனுக்குத் தெரியாதும்மா. நாம கூப்பிட்டாதான் வருவான்."

"கூப்பிடு."

கணவன் கூப்பிட்டான். விரல்நுனி உயர வீரன் வெட்டிய மரங்களின் மேல் நடந்து வெளியே வந்தான். அடுத்த நிமிடம் எரிந்துகொண்டிருந்த வீடுகளின் பக்கமிருந்து எதிரிகள் திரும்பி வந்து, அவனையும் சேர்த்து வெட்டிப் போட்டார்கள். மாமியார் அதையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஊசியை எடுக்கப் போனாள்.

மறுநாள் பிற்பகல் மூவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மழை வரும் போல இருந்தும் கொடியிலிருந்த துணியை யாரும் எடுக்கப் போகவில்லை. வராது என்றே அவள் நினைத்திருந்தாள். வந்தது. பெண் குரல் தன் விதிகளைச் சொல்லி முடித்தது.

"அண்ணா," என்றான் கொழுந்தன். குரல் உலர்ந்து, காகிதம் போல இருந்தது. அவ்வளவுதான் சொன்னான்.

கணவன் வாயைத் திறந்தான். மாமியார் போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"டேய், அம்மா பேசறேன். உங்கண்ணன் போன வாரம் தப்பான பாடம் சொல்லிட்டான். நானும் ஆட்டத்தைப் பாத்தேன். மாட்டின ஆளை அழிக்க வேண்டியதில்லை. மரம் வெட்ட ஆள் அனுப்பினா வழி கிடைக்கும். நேரமாகும், அவ்வளவுதான். வெட்டிக்கிட்டு இருக்கோம். நீ நின்ன இடத்துலயே நில்லு."

அந்தப் பக்கம் சிரிப்பா, இருமலா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது.

"எந்தப் பக்கத்துல இருந்தும்மா வெட்டறீங்க?" என்றான்.

கேலியாகத்தான் கேட்டான். ஆனால் கேட்ட பிறகு அவன் காத்திருந்தான். அவன் காத்திருப்பது இந்தக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. மூவரில் யாருக்கும் அவன் எங்கே இருக்கிறான் என்பதே தெரியாது.

மாமியார் சொன்னாள். "நீ சொல்லு. எந்தப் பக்கம்னு நீ சொன்னா, அந்தப் பக்கத்துல இருந்து வர்றோம்."

சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கணவன் அவசரமாக, "வேண்டாம்டா, சொல்லா..." என்றான்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம், பழைய சிமெண்ட்..." என்றது கொழுந்தனின் குரல். இந்த முறை கேலி இல்லை. ஒரு சின்னப் பையன் வழி சொல்வது போல, வேகமாக. அத்தோடு இணைப்பு போனது.

போன் அடங்கிய பிறகும் மாமியார் அதைக் காதருகே பிடித்திருந்தாள். பிறகு கீழே வைத்தாள்.

"ஆறு," என்றாள். "சிமெண்ட். கேட்டீங்கல்ல?"

கணவன் சட்டையை மாட்டிக்கொண்டு விசாரணை அலுவலகத்துக்கு நேரிலேயே போனான். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது. காவலுக்கு நின்றவரிடம் ஆறு, பழைய சிமெண்ட் ஆலை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். ஆலை என்பது அவனாகச் சேர்த்துக்கொண்டது. அவர் தலையாட்டினாராம். மறுநாளும் போனான். அதற்கடுத்த நாளும் போனான், ஒவ்வொரு மேசையாக. ஒரு மேசையில், விதியை மீறித் தகவல் வாங்கிய குற்றத்துக்கு அவன் பெயரையும் முகவரியையும் கேட்டார்கள். கொடுத்தான். பெயர் எங்காவது பதிவானால் அதோடு அந்த ஆறும் பதிவாகும் என்றான் அவளிடம்.

இனி ஞாயிறுகளில் போன் ஒலிக்காது. ஒலிக்காமலிருப்பது தண்டனையா, வேறா என்று அறிய வழியில்லை. மாமியார் தண்டனை என்றே வைத்துக்கொண்டாள். கேட்பவர்களிடம், "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டான், அதான் போனைப் புடுங்கிட்டாங்க," என்று சொன்னாள். அதே உதடுகளால் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பு எதனால் ஆனது என்று மருமகளுக்கு இப்போது தெரியும். அதைப் பார்க்காமலிருக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு வேலை நாள் மாலை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் சின்ன அறைக்குப் போனாள். கட்டிலில் இருந்த துணிகளையெல்லாம் வாரி எடுத்துத் தன் அறைத் தரையில் கொண்டுவந்து போட்டாள். விரிப்பை உதறி இழுத்துச் செருகினாள். தலையணை உறையை மாற்றினாள். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அடைத்தாள்.

கூடத்தில் மணி அடித்தது. போன் இல்லை. திரையில் கணவன் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். எதிரி எங்கோ புகுந்துவிட்ட எச்சரிக்கை மணி அது. அவன் அந்தப் பக்கம் போகவில்லை. காட்டோரத்தில் ஒரு மரத்தை வெட்டிக்கொண்டிருந்தான். அவள் போய் அவன் நாற்காலியின் மறுபாதியில் உட்கார்ந்தாள்.